சரளி வரிசையும் சின்ன விரல்களும்

சிறு பிள்ளைகளுக்குப் புல்லாங்குழல் கற்பிப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். பேச நிறைய இருக்கிறது. நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதையே ஆற அமரப் பேச விரும்புகிறேன். குழல் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை முதல் பாடமாக ஊதக் கொடுப்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. மாயாமாளவகௌளையைப் பிள்ளை பாடட்டும், முதல் நாளிலிருந்தே பாடட்டும். ஊதுவது மட்டும் வேறு வரிசையில் போகட்டும். அந்த வரிசையை மூங்கிலின் அமைப்பையும் பிள்ளையின் கையையும் பார்த்து வகுக்க வேண்டும். குரலுக்கென்று வகுத்த பாடத்தை அப்படியே குழலின்மேல் ஏற்றி வைப்பதால்தான் ஆசையோடு வந்த பிள்ளைகள் பலர் சில மாதங்களில் குழலை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

குழலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கர்நாடக இசைக்குரிய குழலில் ஊதும் துளை ஒன்று, விரல் துளைகள் எட்டு. எட்டில் ஏழைத்தான் விரல்கள் மூடும், கடைசித் துளை திறந்தே இருக்கும். இடக்கையில் மூன்று விரல், வலக்கையில் நான்கு விரல். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதும்போது அடியார்க்குநல்லார் குழலின் இலக்கணம் சொல்கிறார். இடக்கையில் பெருவிரலும் சிறுவிரலும் நீங்கலாக மூன்று, வலக்கையில் பெருவிரல் நீங்கலாக நான்கு என்று இதே ஏழு விரல்களைத்தான் அவரும் கணக்கிடுகிறார். அத்தனை நூற்றாண்டுகளாகக் கை மாறவில்லை. இப்போது ஸ்வரங்களைப் பாருங்கள். ஊதும் துளைக்கு அடுத்த இரண்டு துளைகளை மூடி ஊதினால் ஸட்ஜம். இரண்டாவது விரலை எடுத்தால் சதுச்ருதி ரிஷபம். முதல் விரலையும் எடுத்தால் அந்தர காந்தாரம். ஸட்ஜத்திலிருந்து மறுபக்கமாக ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டே போனால் கைசிகி நிஷாதம், சதுச்ருதி தைவதம், பஞ்சமம், சுத்த மத்யமம் என்று இறங்கி, ஏழும் மூடியதும் கீழ்க் காந்தாரத்தில் போய் நிற்கும். எந்தத் துளையையும் பாதியாக மூடாமல், விரலை முழுக்க வைத்தும் முழுக்க எடுத்தும் கிடைக்கும் இந்த ஏழு ஸ்வரங்களைச் சேர்த்தால் ஹரிகாம்போதி. குழலின் இயல்பான மேளம் ஹரிகாம்போதி என்று சொல்வது இதனால்தான். பழந்தமிழர் செம்பாலை என்றது இந்த ஹரிகாம்போதியையே என்பதும், ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைப் பண் மோகனமே என்பதும் இசையாய்வாளர் பலர் கொண்ட முடிவு. மோகனம் என்பது ஹரிகாம்போதியில் மத்யமமும் நிஷாதமும் நீங்கியதுதானே. மாடு மேய்க்கும் பிள்ளை தானாகத் துளையிட்டு ஊதிப் பார்த்த மூங்கிலில் எந்த ஒலி முதலில் வந்திருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இனி, மாயாமாளவகௌளைக்கு வருவோம். மேளகர்த்தா வரிசையில் 15ஆவது. அதன் சுத்த ரிஷபத்துக்கு முதல் துளையை மூடி இரண்டாவது துளையைப் பாதி மூட வேண்டும். சுத்த தைவதத்துக்கு நான்கு துளைகளை மூடி ஐந்தாவதைப் பாதி மூட வேண்டும். காகலி நிஷாதத்துக்கு இரண்டை மூடி மூன்றாவதைப் பாதி. ஒரே ஆரோகணத்தில் மூன்று அரைத்துளைகள்! பாணிக்குப் பாணி மாற்று விரலடைப்புகள் உண்டு. ஆனாலும் இயல்பான துளையில் இந்த மூன்றும் கிடையா என்பதில் மாற்றமில்லை. இதோடு முடியவில்லை. காந்தாரத்தில் எல்லா விரல்களும் மேலே இருக்கின்றன. அடுத்த மத்யமத்துக்கு ஆறு விரல்கள் ஒரே நொடியில் இறங்க வேண்டும். அது மட்டுமா, அதே ஆறு விரலடைப்பில் மெதுவாக ஊதினால் கீழ் ஸ்தாயி மத்யமம் வந்துவிடும் என்பதால், உதட்டை இறுக்கி மூச்சைக் கூர்மையாக்கவும் வேண்டும். மேல் ஸட்ஜம் வரை அந்தக் கூர்மை குறையக் கூடாது. குரலில் பாடும் பிள்ளைக்கு முதல் சரளி வரிசை படியேறுவது போன்ற எட்டு ஸ்வரங்கள். குழல் ஊதும் பிள்ளைக்கு அதே வரி மூன்று அரைத்துளை, ஆறு விரல்களின் ஒரு தாவல், நடுவழியில் ஒரு மூச்சு மாற்றம். இரண்டையும் ஒரே பாடம் என்று நாம் அழைக்கிறோம்.

பெரியவர் ஒருவர் குழல் கற்க வந்தால் இந்தச் சுமையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடுவார். ஆறு ஏழு வயதுப் பிள்ளையின் விரல் நுனி துளையை முழுதாக மூடுவதற்கே மட்டுமட்டாக இருக்கிறது. பாதி மூடுவது என்றால் விரலின் சதை துளையின் ஓரத்தில் உருண்டு கொடுக்க வேண்டும். அதற்கு அந்தச் சின்ன விரலில் உபரிச் சதை இல்லை. பாடம் முடிந்ததும் பிள்ளையின் விரல்களைத் திருப்பிப் பாருங்கள். துளை சரியாக மூடியிருந்தால் விரலின் சதைப்பகுதியில் முழு வட்டமாக ஒரு சிவந்த தடம் விழுந்திருக்கும். வட்டம் பிறையாகத் தெரிந்தால் அந்த விரல் ஒரு பக்கம் விலகிக் காற்றைக் கசிய விட்டிருக்கிறது என்று பொருள். ஏழு விரலில் ஒன்று மயிரிழை விலகினாலும் கீழ் ஸ்வரம் கீச்சிடும் அல்லது ஊமையாகும். பிள்ளைக்கு விரல் விலகியது தெரியாது. தன் மூச்சு போதவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக ஊதும், விரலை இன்னும் அழுத்தும், தோளை ஏற்றும். பலமாக ஊதுவதால் தலை சுற்றும். உடம்பிலிருந்து கரிவளி அளவுக்கு மேல் வெளியேறுவதால் வரும் கிறுகிறுப்பு அது. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தால் சரியாகிவிடும், ஆனால் பிள்ளை பயந்துவிடும். முழுத்துளையை இன்னும் நம்பிக்கையாக மூடத் தெரியாத விரலிடம் அரைத்துளையைக் கேட்பதன் விளைவு இது. ஸ்வரம் அபஸ்வரமாக விழும்போது, விரல் தப்பா, மூச்சு தப்பா, காது தப்பா என்று பிள்ளையால் பிரித்தறிய முடியாது. பல நேரங்களில் எதிரே இருக்கும் ஆசிரியராலும் முடியாது.

நான் சொல்லும் மாற்று வரிசை கடினமானதல்ல. முதலில் ஒரே ஒரு ஒலி. மேலைநாட்டு உலோகக் குழலில் தலைப்பகுதியை மட்டும் கழற்றிக் கொடுத்து அதில் ஊதப் பழக்குகிறார்கள். நம் மூங்கில் ஒரே துண்டு, அதைக் கழற்ற முடியாது. அதனால் ஆசிரியர் குழலின் மறுமுனையைத் தம் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளை குழலை விழாமல் பிடிக்கும் கவலை இல்லாமல் உதட்டையும் காற்றையும் மட்டும் கவனிக்கட்டும். இடக்கை இரண்டு விரலை வைத்து ஸட்ஜம். அது சுருதிப்பெட்டியோடு கலந்து நிற்கும் வரை வேறு எதுவும் வேண்டாம். பிறகு ஒரு விரல் எடுத்து ரிஷபம், இரண்டையும் எடுத்துக் காந்தாரம். மூன்று ஸ்வரமும் இடக்கையின் இரண்டு விரலுக்குள் அடங்கிவிட்டன. இந்த மூன்றை வைத்தே எத்தனையோ சின்னச் சின்னக் கோவைகளை ஆசிரியர் பாடிக் காட்ட, பிள்ளை பதிலுக்கு ஊதலாம். அடுத்து மேலே போகாமல் கீழே இறங்க வேண்டும். ஸட்ஜத்துக்குக் கீழே நிஷாதம், தைவதம், பஞ்சமம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் கூடுகிறது, மூச்சின் பதம் மாறுவதில்லை. கீழ்ப் பஞ்சமத்திலிருந்து நடுக் காந்தாரம் வரை ப, த, ஸ, ரி, க என்று வந்துவிட்டால் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களும் கைக்குள் வந்துவிட்டன. அரைத்துளை இல்லை, மூச்சு மாற்றம் இல்லை, கேட்க இராகமாகவே இருக்கிறது. சில வாரங்களில் வீட்டில் ஒருவர் திரும்பிப் பார்க்கும்படி ஒரு சிறு மெட்டு அந்தப் பிள்ளையின் குழலில் வரும். அந்தத் திரும்பிப் பார்த்தலின் மதிப்பு, நூறு முறை 'சாதகம் செய்' என்று சொல்வதைவிடப் பெரிது.

அதன் பிறகு மத்யமம் சேர்ந்து ஹரிகாம்போதி. மேல் ஸ்தாயிக்கு மூச்சைக் கூர்மையாக்கும் பயிற்சி தனியாக. ஒரே விரலடைப்பில் கீழ் ஸ்வரத்தையும் மேல் ஸ்வரத்தையும் மாற்றி மாற்றி ஊதினால் அந்தப் பழக்கம் வரும். விரலுக்கு வேலையில்லாததால் உதடு மட்டும் கற்றுக்கொள்ளும். இதன் பின் சங்கராபரணம். அதில் காகலி நிஷாதம் ஒன்றுக்குத்தான் அரைத்துளை. முத்துசுவாமி தீட்சிதர் மேலைநாட்டு மெட்டுகளுக்கு சாகித்யம் அமைத்த நொட்டுஸ்வரங்கள் சங்கராபரணத்தில் இருக்கின்றன. கமகம் அதிகம் இல்லாத நேர் ஸ்வரங்கள், துள்ளும் நடை. குழல் கற்கும் பிள்ளைக்கென்றே செய்து வைத்தது போல இருப்பவை அவை. அவற்றை இன்னும் தாராளமாகக் குழல் வகுப்புக்குள் கொண்டுவரலாம். அரைத்துளை ஒன்று பழகிய விரலுக்கு அடுத்த இரண்டு அவ்வளவு அந்நியமாக இராது. அப்போது மாயாமாளவகௌளையும், அதன் வழியில் மலஹரி கீதங்களும் வரட்டும்.

குழலின் நீளமும் இந்த வாதத்தில் சேர்ந்ததே. கட்டை ஏற ஏறக் குழல் குட்டையாகும், துளைகள் நெருங்கும். ஐந்து கட்டைக் குழலுக்குப் பதில் ஆறரைக் கட்டைக் குழலைக் கொடுத்தால் நீளம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். வலக்கைச் சிறுவிரல் எட்டாமல் தவிக்கும் பிள்ளைக்கு அந்த ஆறில் ஒரு பங்கு பெரிய விடுதலை. பின்னாளில் மாற்ற வேண்டியிருக்குமே என்று முதலிலேயே பெரிய குழலை வாங்கித் தரும் பெற்றோர், பிள்ளையின் கையை வளைத்துக் குழலுக்குப் பொருத்தப் பார்க்கிறார்கள். மூங்கில் குழல் அவ்வளவு விலையுயர்ந்த பொருளல்ல, கை வளர வளர மாற்றிக்கொள்ளலாம். சுருதி ஒத்துவராது என்ற கவலையும் இன்று இல்லை. மின் சுருதிப்பெட்டியிலும் கைபேசியிலும் எந்தக் கட்டையையும் வைத்துக்கொள்ள முடிகிறது.

இதற்கு எழும் மறுப்புகளில் மிக வலுவானது மரபின் பெயரால் வருவது. மாயாமாளவகௌளையைத் தொடக்க இராகமாக வகுத்தவர் புரந்தரதாசர் என்பது நம் மரபு. அதைத் தேர்ந்ததில் ஆழமான அறிவு இருக்கிறது. பூர்வாங்கமும் உத்தராங்கமும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன, ஸட்ஜத்தை ஒட்டியும் பஞ்சமத்தை ஒட்டியும் சிறு இடைவெளிகள், அவற்றுக்கு அப்பால் பெரிய இடைவெளிகள். நெருங்கிய ஸ்வரத்தையும் விலகிய ஸ்வரத்தையும் குரல் ஒரே பாடத்தில் கற்றுக்கொள்கிறது. இதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்வதால்தான், அதைப் பிள்ளை பாட வேண்டும் என்கிறேன். குரலில் அரைத்துளை கிடையாது. சுத்த ரிஷபத்தைப் பாடும் பிள்ளை காதால் அதைப் பிடிக்கிறது, தவறினால் காதாலேயே திருத்திக்கொள்கிறது. குழலில் அந்த ஸ்வரத்துக்குப் போகும் நாளில் அது எங்கே இருக்க வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கும், விரல் அதைத் தேடிப் போகும். இப்போதைய முறையில் தெரியாத ஸ்வரத்தைத் தெரியாத விரல் தேடுகிறது. பாடத்தின் நோக்கம் காது பழகுவது என்றால், என் வரிசையில் அந்த நோக்கம் சிதையவில்லை, பலப்படுகிறது.

மகா வித்வான்கள் இப்படித்தானே கற்றார்கள் என்பது அடுத்த மறுப்பு. 1926இல் திருவிடைமருதூரில் பிறந்த டி. ஆர். மகாலிங்கம், நாம் மாலி என்று அழைக்கும் அந்த மேதை, 1933இல் ஏழு வயதில் மயிலாப்பூரில் மேடையேறினார். அவருடைய சீடர் என். ரமணி எட்டு வயதில் கச்சேரி செய்தார். 1978இல் பிறந்த சசாங்க் ஆறு வயதில். இந்த உதாரணங்களைக் காட்டி, சின்ன விரலால் முடியாதது என்ன என்று கேட்கிறார்கள். மேதைகளை முறைக்குச் சான்றாக்குவதில் ஒரு பிழை இருக்கிறது. எந்த முறையில் போட்டாலும் வெளியே வந்துவிடக் கூடியவர்கள் அவர்கள். பாதியில் நிறுத்திய பிள்ளைகள் எந்த வரலாற்றிலும் இடம்பெறுவதில்லை. மேலும், மாலி குழலுக்கு முன் ஜால்ரா கோபாலய்யரிடம் வாய்ப்பாட்டுக் கற்றவர். சசாங்க் கே. வி. நாராயணசுவாமி போன்ற வாய்ப்பாட்டு வித்வான்களிடம் பயின்றவர். ரமணி, குழல் வித்வானான ஆழியூர் நாராயணசுவாமி ஐயரின் பேரன், பிறந்த நாள் முதல் காதில் குழல் விழுந்த வீடு. இவர்கள் கதை சொல்வதெல்லாம் காது முந்தியது, விரல் பிந்தியது என்பதைத்தான். மாலி செய்த பெரும் புரட்சியும் இதே திசையில் இருக்கிறது. விரலடைப்பையும் உதட்டையும் மாற்றி, வாய்ப்பாட்டின் கமகங்களைக் குழலில் பேசவைத்தார். விரலின் வழக்கத்துக்காக இசையை அவர் வளைக்கவில்லை. திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையின் சீடர் டி. விசுவநாதன் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்தவர். கச்சேரியில் குழலை இறக்கிவிட்டு வரியைப் பாடிக் காட்டி மீண்டும் ஊதுவது அவர் வழக்கம். பாட்டும் குழலும் அவரிடம் ஒரே காரியத்தின் இரு பக்கங்கள்.

குருகுலத்தின் கணக்கு வேறு என்பதையும் மறக்கக் கூடாது. குருவின் வீட்டில் காலையும் மாலையும் இசை காதில் விழும், தவறு நடந்த அடுத்த நொடி திருத்தம் வரும். அந்தச் சூழலில் கடினமான பாடத்தை முதலில் வைத்தாலும் சீடன் தாங்கினான். இன்று வாரத்துக்கு ஒரு மணி நேரம், பலருக்கு அதுவும் கணினித் திரையில். திரை வழியாகச் சுருதி பிசகைக் கேட்பதே கடினம், அரைத்துளையில் விரல் எவ்வளவு உருண்டது என்பதைப் பார்க்கவே முடியாது. மீதி ஆறு நாளும் பிள்ளை தனியாகத் தவறைச் சாதகம் செய்கிறது. பாடத்தின் வரிசையை மட்டும் பழைய காலத்திலிருந்து எடுத்துக்கொண்டு, அதைத் தாங்கி நின்ற மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டோம்.

முழுத்துளையிலேயே பழகிய விரல் பின்னால் அரைத்துளைக்கு வளைந்து கொடுக்காது என்று குழல் ஆசிரியர்களே சொல்வது உண்டு. அனுபவத்திலிருந்து வரும் பேச்சு என்பதால் மரியாதையோடு அணுக வேண்டிய மறுப்பு இது. இறுக்கமாக அழுத்திப் பழகிய விரல் வளையாது என்பது உண்மை. ஆனால் அந்த இறுக்கம் எங்கிருந்து வந்தது? கசிவைக் கண்டு பயந்து அழுத்தியதிலிருந்து. எளிய ஸ்வரங்களில் மென்மையாக மூடப் பழகிய விரல், துளையின் ஓரம் எங்கே இருக்கிறது என்பதைத் தொட்டறிந்திருக்கும், அந்த ஓரத்தில்தான் அரைத்துளை இருக்கிறது. இந்துஸ்தானி பன்சுரியிலும் இதையே காண்கிறோம். அந்தக் குழலில் பூபாலியும் யமனும் அரைத்துளை இல்லாமல் வரும், சுத்த மத்யமத்துக்குத்தான் அரைத்துளை. தொடக்கப் பாடங்களில் பூபாலி, யமன் அடிக்கடி வருகின்றன. அப்படித் தொடங்கியவர்கள் அரைத்துளையில் பின்தங்கிவிடவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ரெக்கார்டர் கற்பிக்கும் நாடுகளிலும் இடக்கையின் மூன்று ஸ்வரங்களே முதல் பாடம். கருவியின் எளிய இடத்தில் தொடங்கிக் கடினமான இடத்துக்குப் போவது எங்கும் உள்ள நடைமுறை. நாம்தான் விதிவிலக்காக இருக்கிறோம்.

நேர் ஸ்வரங்களில் தொடங்கினால் கமகம் வராமல் போய்விடும் என்ற அச்சத்துக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. சரளி வரிசையையும் நாம் நேர் ஸ்வரமாகத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். கமகம் கேட்டுக் கேட்டு வருவது, பாடிப் பாடி வருவது. அதற்கும் என் வரிசையில் முதல் நாளிலிருந்தே பாட்டு இருக்கிறது.

எந்த வயதில் குழலைக் கையில் கொடுக்கலாம் என்று பெற்றோர் கேட்பார்கள். வயதைவிட விரலைப் பார்க்க வேண்டும். ஐந்து வயதில் பாட்டு தொடங்கட்டும். தகுந்த நீளமுள்ள குழலில் இடக்கை மூன்று விரலும் வலக்கை நான்கு விரலும் இழுபறி இல்லாமல் எட்டுகின்றனவா, சிவந்த வட்டம் முழுதாக விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் தொடங்கலாம். ஆறு ஏழு வயதில் மேல் முன்பற்கள் விழுந்து முளைக்கும்போது உதட்டின் தாங்கல் மாறி ஒலி சில வாரம் கெடும். அது பிள்ளையின் குற்றமல்ல, அந்த வாரங்களில் பாட்டை அதிகமாக்குங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போல இரண்டு முறை ஊதினால் தொடக்கத்தில் போதும். தலை சுற்றினால் உடனே குழலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்து உங்களிடம் சேரும் சிறு பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் மாயாமாளவகௌளையைத் தொண்டையில் வையுங்கள், மோகனத்தையும் ஹரிகாம்போதியையும் குழலில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து சுத்த ரிஷபத்தை ஊதச் சொல்லிப் பாருங்கள். வராவிட்டால் பழைய வரிசைக்குத் திரும்புவதில் எந்த நஷ்டமும் இல்லை. வந்தால், சக ஆசிரியர்களிடம் அதைச் சொல்லுங்கள்.